உயரமும் விகுதியும்

நாற்பது வயது ஆள் ஆறடி உயரத்தில் கடைக்கு வந்தால் ‘வாங்க சார்’. அதே வயதில் நாலடிக்கும் குறைவாக இருந்தால் ‘என்னப்பா, என்ன வேணும்?’ தமிழில் மரியாதை வயதுக்குத் தரப்படுவது. வயதையோ நாம் பாதி உயரத்தைப் பார்த்தே கணிக்கிறோம். உயரம் குறைந்த பெரியவர்களைக் காலமெல்லாம் சிறுபிள்ளைகளாகவே நிறுத்தி வைப்பது இந்தக் கணக்குதான். அவர்களைக் கண்ணியமாகக் குறிப்பது எப்படி என்ற பேச்சு எழும்போதெல்லாம் ‘குள்ளன்’ என்ற சொல்லோடு விவாதம் முடிந்துவிடுகிறது. அந்தச் சொல் ஒழியட்டும். ஆனால் அவமதிப்பு பெயர்ச்சொல்லைவிட வினைமுற்றிலும் விளியிலும்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

பழைய சான்றுகளைப் பார்ப்போம். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மனிதப் பிறவியில் நேரும் எட்டுக் குறைகளை அடுக்குகிறார். அவற்றில் ஒன்று ‘குறள்’, அதாவது உயரக் குறைவு. பட்டியலில் ஓர் இனம், அவ்வளவே. கலித்தொகையின் 94ஆம் பாட்டு வேறு மாதிரி. அங்கே குறளனும் கூனியும் ஒருவர் உடலை ஒருவர் சொல்லி நையாண்டி செய்கிறார்கள், ஊடுகிறார்கள், கடைசியில் கூடவும் இசைகிறார்கள். எள்ளல் கடுமையானது, சந்தேகமில்லை. ஆனாலும் இருவருக்கும் ஆசை உண்டு, ரோஷம் உண்டு, பதிலுக்குப் பதில் பேசும் நாக்கு உண்டு. யாரும் அவர்களைக் குழந்தையாக்கவில்லை. அதே ‘குறள்’ வள்ளுவர் நூலுக்குப் பெயரானது. ஆறன்முளையில் பெருமாளே திருக்குறளப்பன். ஆகவே இழிவு ஒலியில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. யாரை எந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறோம் என்பதில்தான் வருகிறது.

இன்றைய மாற்றுச் சொற்களையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். ‘வளர்ச்சி குன்றியவர்’ மரியாதையாகத் தோன்றும். ஆனால் ‘மூளை வளர்ச்சி குன்றியவர்’ என்று கேட்டுப் பழகிய காதில் அது அறிவையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. உயரக் குறைவுக்கான காரணங்களில் முதன்மையான அக்கோண்ட்ரோபிளேசியா, எஃப்ஜிஎஃப்ஆர்3 என்னும் மரபணுவில் நேரும் மாற்றத்தால் வருவது. கைகால்களின் நீண்ட எலும்புகள் குட்டையாகின்றன. அறிவுத்திறன் பொதுவாக எல்லோரையும் போலத்தான். இந்நிலையோடு பிறப்பவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினரின் பெற்றோர் சராசரி உயரமுள்ளவர்கள். எனவே ‘பாவம், பரம்பரை வியாதி’ என்ற அனுதாபமும் பெரும்பாலும் பொருந்தாது. ‘மாற்றுத்திறனாளி’ அரசு ஆவணத்துக்கு உதவும் பொதுச்சொல். சாய்வுதளம் கேட்பவரையும் உயரம் தாழ்ந்த கவுண்டர் கேட்பவரையும் அது பிரித்துக் காட்டாது. ‘மாற்றுத்திறனாளி வந்தான்’ என்று எழுதினால் அதற்கும் மரியாதை கிடையாது. ‘உயரம் குறைந்தவர்’ இருப்பதிலேயே நேரானது. உள்ளதைச் சொல்கிறது, ‘அவர்’ என்றே முடிகிறது.

நெட்டையன் என்கிறோமே, குள்ளன் என்றால் மட்டும் என்ன என்று கேட்பார்கள். நெட்டையாக இருப்பதால் யாருக்கும் வேலையோ வரனோ தட்டிப்போவது அபூர்வம். எதிர்ச்சொற்களானாலும் இரண்டின் எடை ஒன்றல்ல. சொல்லை மாற்றினால் பேருந்துப் படி தாழுமா என்பது இதைவிட வலுவான கேள்வி. தாழாதுதான். ஆனால் படியைத் தாழ்த்தச் சொல்லி மனுக் கொடுக்க வருபவரை அலுவலகத்தில் ‘தம்பி, ஓரமா நில்லு’ என்றால் அந்த மனு மேசைக்கே போகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வளர்ந்தபின் 147 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான உயரம் தரும் மருத்துவ, மரபணு நிலையை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றது. பொதுவிடத்தில் வேண்டுமென்றே அவமதிப்போருக்கு 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. நகைச்சுவையை நெரிக்கிறார்கள் என்ற முறையீட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2024இல் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் பதில் தந்திருக்கிறது: குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடுள்ளவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு. நம் காமெடி டிராக்குகளில் முதல் வகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பில்லி பார்ட்டி 1957இல் தொடங்கிய அமைப்பே இன்றைய லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா. கண்காட்சி மேடைகளின் வாடை கொண்ட ‘மிட்ஜெட்’ என்ற சொல்லைக் கைவிடுமாறு 2015இல் அது வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை அப்படியே பெயர்த்து ‘சிறிய மனிதர்கள்’ என்றால் தமிழில் விபரீதமாகும். நமக்குச் சிறியோர் என்றால் வயதில் இளையோர், அல்லது குணத்தில் கீழானோர். கடன் வாங்க வேண்டியது, பெயரைச் சம்பந்தப்பட்டவர்களே தேர்ந்துகொள்ளும் அந்த உரிமையைத்தான். ஒருவர் தன்னைக் ‘குள்ளம்’ என்று சொல்லிக்கொண்டால் திருத்த நமக்கு வேலையில்லை; அதைச் சாக்காக வைத்து நாமும் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டன் எஸ்ஹெச்6 பிரிவில் வெண்கலம் வென்றார். அந்தப் பிரிவே உயரம் குறைந்தவர்களுக்கானது என்பதால் உயரத்தைச் சொல்லாமல் அச்செய்தி முழுமையாகாது. வங்கி மேலாளரோ ஆசிரியரோ செய்தியில் வரும்போது அதற்கு என்ன அவசியம்? பத்திரிகை ஆசிரியர்களுக்கும் வசனகர்த்தாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உயரம் தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைச் சொல்லுங்கள், வினையை எப்போதும் ‘ஆர்’ விகுதியில் முடியுங்கள்.