ஆஃப்சைடு விதிவிலக்குகள்: கண் காண்பவையும் கருத்துக்கு விடப்பட்டவையும்

கால்பந்துச் சட்டத்தின் 11ஆம் விதி ஆஃப்சைடைப் பற்றியது. எதிரணியின் பாதியில் இருக்கும் ஆட்டக்காரர், பந்தைவிடவும், எதிரணியின் கடைசி இருவரில் முன்னால் இருப்பவரைவிடவும் கோல் கோட்டை நெருங்கி நின்றால் அது ஆஃப்சைடு நிலை. அப்படி நிற்பது மட்டும் குற்றமாகாது. தன் அணியினர் பந்தைத் தொடும் நொடியில் அந்த நிலையில் இருந்து, பிறகு ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். விதி இவ்வளவுதான். பெரும்பாலான தகராறுகள் அதன் விதிவிலக்குகளிலிருந்தே கிளம்புகின்றன.

1863இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் வகுத்த முதல் விதிகளில், பந்துக்கு முன்னால் நின்ற எவரும் ஆட்டத்தில் பங்கெடுக்க முடியாது. 1866இல் எதிரணியினர் மூவர் முன்னால் இருந்தால் போதும் என்று விதி தளர்ந்தது. 1907இல் சொந்தப் பாதியில் நிற்பவருக்கும், 1920இல் த்ரோ இன் பந்தை வாங்குபவருக்கும் விலக்குக் கிடைத்தது. 1925இல் மூவர் இருவரானார்கள். 1990 முதல் தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நிற்பதும் செல்லும் என்றானது. ஒவ்வொரு தளர்வும் தாக்கும் அணிக்கே சாதகமாக அமைந்தது.

இன்றுள்ள விலக்குகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, இடத்தையும் ஆட்டம் மீண்டும் தொடங்கும் முறையையும் சார்ந்தது. சொந்தப் பாதியில் நிற்பவர், பந்துக்குப் பின்னால் இருப்பவர், கோல் கிக், த்ரோ இன், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெறுபவர் இதில் அடங்குவர். ஃப்ரீ கிக்கிற்கு இந்தச் சலுகை இல்லை.

இந்த வகையின் பலம் அதன் தெளிவு. பந்து எங்கிருந்து, எப்படி வந்தது என்பதை மைதானத்தில் உள்ள எல்லோரும் பார்க்கிறார்கள். நடுவர் யாருடைய மனத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை. த்ரோ இன் விலக்குக்கு நியாயமும் உண்டு. நெருக்கடியில் பந்தை வெளியே தட்டிவிட்ட அணிக்கு ஆஃப்சைடு பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த உத்திக்கே பரிசு கொடுத்ததாகும்.

குறைகளும் இருக்கின்றன. நீளமாக எறியத் தெரிந்தவருக்கு இந்த விலக்கு ஒரு ஆயுதம். 2008இல் இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி அணி, ரோரி டெலாப்பின் த்ரோக்களைக் கொண்டு பல கோல்களை அடித்தது. கோல்கீப்பரை நெருக்கி நின்றவர்களை ஆஃப்சைடு என்று தடுக்க வழியில்லை. கார்னர் கிக் விலக்கோ பெரும்பாலும் பெயரளவிலானது. பந்து கோல் கோட்டை ஒட்டியே வைக்கப்படுவதால் அதற்கு முன்னால் நிற்க ஏறக்குறைய இடமே இல்லை. கார்னர் வளைவின் ஆரம் ஒரு கஜம்தான். அந்த இடைவெளிக்கு மட்டுமே விலக்கு உண்மையில் பயன்படுகிறது.

இந்த விலக்கு முதல் தொடுதலோடு முடிந்துவிடும் என்பது பலர் மறப்பது. கார்னரை அருகிலிருப்பவரிடம் தட்டிவிட்டு, கோட்டோரமாகவே நின்று பந்தைத் திரும்ப வாங்குபவர் ஆஃப்சைடில் சிக்கிக்கொள்வார்.

இரண்டாம் வகை, நடுவரின் தீர்ப்பைச் சார்ந்தது. ஆஃப்சைடு நிலையில் இருந்தும் ஆட்டத்தில் தலையிடாதவருக்கும், எதிரணியினர் வேண்டுமென்றே ஆடிய பந்தைப் பெற்றவருக்கும் விலக்கு உண்டு. தடுப்பாட்டக்காரர் மீது பட்டுத் திரும்பிய பந்துக்கும், கோலைத் தடுக்கும் முயற்சியில் தட்டப்பட்ட பந்துக்கும் அது இல்லை. ஓரத்தில் சும்மா நிற்கும் ஒருவருக்காக நல்ல கோலை ரத்து செய்வது முறையல்ல என்பதே இவ்வகையின் அடிப்படை. நோக்கம் சரியானது; சிக்கல் அளவுகோலில் இருக்கிறது.

2021 அக்டோபர் 10 அன்று மிலான் நகரில் நடந்த நேஷன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பிரான்சின் கிலியன் எம்பாப்பே ஆஃப்சைடு நிலையில் இருந்தார். அவருக்கு வந்த பந்தை இடையில் எட்டித் தடுக்க முயன்ற ஸ்பெயினின் எரிக் கார்சியாவின் காலில் அது லேசாகப் பட்டது. வேண்டுமென்றே ஆடிய பந்து என்று கொள்ளப்பட்டதால் கோல் செல்லுபடியானது. பிரான்ஸ் 2-1 என வென்றது. தடுக்க முயன்றதற்கே தடுப்பாட்டக்காரர் தண்டனை பெற்றார் என்ற கண்டனம் எழுந்தது. 2022இல் விதிக்குழு விளக்கம் தந்தது: பந்து தொலைவிலிருந்து வந்ததா, தெளிவாகத் தெரிந்ததா, உடலைச் சமன் செய்ய அவகாசம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

தலையிடாமை என்ற விலக்குக்கும் இதே பாடுதான். 2023 ஜனவரி 14 அன்று ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் ஆஃப்சைடிலிருந்த மார்கஸ் ராஷ்ஃபோர்டு பந்தைத் தொடாமல் அதன் பின்னாலேயே ஓடினார். ஓடிவந்த புரூனோ ஃபெர்னாண்டஸ் அதைக் கோலாக்கினார். உதவி நடுவர் கொடி தூக்கியும் கோல் நின்றது. ராஷ்ஃபோர்டின் ஓட்டம் மான்செஸ்டர் சிட்டியின் தடுப்பாட்டக்காரர்களைக் குழப்பவில்லை என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

அளவுகோல் தெளிவாக இருந்தும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடங்களும் உண்டு. கடைசி இருவரில் ஒருவர் கோல்கீப்பராகத்தான் இருக்க வேண்டும் என்பது பரவலான தவறு. 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஈக்வடாரின் என்னர் வலென்சியா அடித்த கோல் ரத்தானபோது பலர் திகைத்தனர். கத்தாரின் கோல்கீப்பர் முன்னேறி வந்துவிட்டதால், ஈக்வடார் ஆட்டக்காரர் ஒருவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர்தான் இருந்தார்.

மேற்கண்ட பன்னாட்டு ஆட்டங்களில் கேமராவின் துணை இருந்தது. இந்தியாவில் நிலைமை வேறு. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பத்துப் பருவங்களும் வி.ஏ.ஆர். என்னும் காணொளி உதவி நடுவர் முறை இல்லாமலே நடந்தன. சென்னையின் எஃப்.சி. ஆடும் நேரு விளையாட்டரங்கிலேயே அது இல்லாதபோது, திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ பள்ளி அணியும் ஆலைப் பணியாளர் அணியும் ஆடும் மைதானத்துக்கு அது வர வழியில்லை. இத்தகைய ஆட்டங்களில் பயிற்சி பெற்ற உதவி நடுவர்கள்கூட இல்லாமல், அணிக்கு ஒருவராகக் கொடி பிடிப்பதும் உண்டு. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஃபார்வர்டு, பத்தில் ஒரு நொடியில் 80 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து உதைக்கப்பட்ட கணத்தையும் நிற்கும் கோட்டையும் ஒருசேரப் பார்க்கும் நடுவருக்கு, நோக்கத்தையும் எடைபோட அவகாசம் ஏது? 2024 ஜூன் 11 அன்று தோகாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், பந்து வெளியே போன பிறகு கத்தார் அடித்த கோல் இந்தியாவுக்கு எதிராகச் செல்லுபடியானது. அந்த ஆட்டத்திலும் வி.ஏ.ஆர். இல்லை. சுண்ணாம்புக் கோட்டையே கண் தவறவிடும்போது, கண்ணுக்குத் தெரியாத ஆஃப்சைடு கோட்டில் தவறு நேர்வது இயல்பு.

ஆகவே ஆஃப்சைடு விலக்குகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பாராட்டவோ பழிக்கவோ இயலாது. முதல் வகை நூறாண்டாக நிலைத்திருப்பது, எந்த மைதானத்திலும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்த முடிவதால்தான். இரண்டாம் வகை, கேமராவும் நிதானமும் உள்ள இடத்துக்காக எழுதப்பட்டு, இரண்டும் இல்லாத இடங்களிலும் திணிக்கப்படுகிறது. வேண்டுமென்றே ஆடியது என்ற விலக்கை, தடுப்பாட்டக்காரர் பந்தைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த பிறகு மட்டும் செல்லும்படி சுருக்கினால் அதன் நியாயம் கெடாது; குழப்பம் குறையும். அதுவரை, சிறிய மைதானங்களில் ஃபுட்சால் போல ஆஃப்சைடே இல்லாமல் ஆடுவதும், பெரிய மைதானங்களில் விலக்குகளை ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளுக்கும் நடுவர் எடுத்துச் சொல்வதும் நல்லது. விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு களமிறங்கும் அணி, தீர்ப்போடு மல்லுக்கு நிற்காது.