கார்பன் பிரஷ்

கார்பன் பிரஷ் என்பது கிராஃபைட் கலந்த கரிக்கட்டி. மோட்டாரில் சுழலும் செம்புக் கம்யூட்டேட்டருக்கு மின்சாரத்தைக் கடத்துவது அதன் வேலை. ஸ்பிரிங் அதைச் செம்பின்மேல் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் தீப்பொறி, கூடினால் வீண் தேய்மானம். ஓட ஓடச் செம்பின்மேல் ஆக்சைடும் கிராஃபைட்டும் மெல்லிய படலமாகப் படியும். அது சீரான சாக்லேட் பழுப்பில் மின்னினால் மோட்டார் நலம். பார்க்கவும் அழகுதான். படலம் நிலைக்கக் காற்றில் ஈரம் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் மிக உயரத்தின் வறண்ட காற்றில் பறந்த விமானங்களில் பிரஷ்கள் விரைவில் பொடியாயின.

தில்லி நிஜாமுதீன் ரயில் தடத்தில் ஓடிய டபிள்யூஏபி-4 மின்சார ரயில் எஞ்சினின் ஆறு டிசி மோட்டார்களும் பிரஷை நம்பியவை. மூன்று ஃபேஸ் மோட்டார் கொண்ட டபிள்யூஏபி-7 எஞ்சினுக்கு அது தேவையில்லை. வீட்டு மிக்ஸிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் தேவை.