இரவு இரண்டு மணி பேக்கப்பும் பேரிடரும்

டெடிகேட்டட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்தும் சிறு நிறுவனங்களிடம் பேக்கப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுது சார்." எப்போதோ ஒருவர் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் அது. டேட்டாபேஸை ஒரு கோப்பாக இறக்கி, இணையதளக் கோப்புகளோடு சேர்த்துச் சுருக்கி, ஹோஸ்டிங் நிறுவனம் சர்வரோடு தந்த பேக்கப் இடத்துக்கு அனுப்பிவிடும். ஏழு நாள் பிரதிகள் இருக்கும். எட்டாம் நாள் பழையது அழியும். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார், ஸ்கிரிப்ட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தணிக்கைக்கு வருபவரிடம் பேரிடர் மீட்புத் திட்டம் என்று காட்டப்படுவதும் இதுவே.

இந்த வழக்கத்தை எடுத்த எடுப்பில் தூற்ற எனக்கு மனமில்லை. சர்வரில் நடக்கும் இழப்புகளில் பெரும்பங்கு சின்ன விபத்துகள்தாம். நிபந்தனை போடாமல் யாரோ டெலீட் கட்டளை கொடுத்துவிடுவார்கள். பிளக்இன் அப்டேட் ஒன்று தளத்தையே உடைத்துவிடும். வாடிக்கையாளர் தன் படங்களைத் தானே அழித்துவிட்டுப் போன் செய்வார். ரெய்டு போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று செத்தால் ரெய்டு காப்பாற்றும். தவறான டெலீட்டையோ, அதே நொடியில் இரண்டு டிஸ்க்குகளிலும் ஒழுங்காக நிறைவேற்றிவிடும். இந்த இடத்தில் நேற்றிரவுப் பிரதிதான் கைகொடுக்கிறது. அருகிலேயே இருப்பதால் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். செலவு குறைவு. மனிதர் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதே பெரிய பலம். மனிதரை நம்பிய பேக்கப் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும்.

அதுகூட இல்லாதவர்கள் கதியைப் பார்க்க தென்கொரியா போதும். 2025 செப்டம்பர் 26 அன்று டேஜானிலுள்ள அந்நாட்டு அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளில் தொடங்கிய தீ, அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' சேமிப்பகத்தை அழித்தது. போனது 858 டெராபைட். வெளியே பிரதி இல்லை. இவ்வளவு பெரியதற்கு பேக்கப் எடுப்பது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணம். பிரதி எடுக்க முடியாத அளவுக்கு ஒன்றை வளரவிடுவதும் ஒரு முடிவுதான் என்பதை இந்தக் காரணத்தைச் சொன்னவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

ஆகவே இரவு பேக்கப் வேண்டும். என் சண்டை அதற்குப் பேரிடர் மீட்பு என்று பெயர் வைப்பதோடுதான். சின்ன விபத்தில் அதற்குப் பலமாக இருக்கும் அருகாமையும் தானியக்கமும்தான் பெரிய விபத்தில் அதைக் கவிழ்க்கின்றன.

முதலில் அருகாமை. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ரைன் ஆற்றை ஒட்டி, ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் நான்கு தரவு மையங்கள் ஒரே வளாகத்தில் இருந்தன. 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குள் எஸ்பிஜி2 என்ற ஐந்து மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. விடிவதற்குள் அந்தக் கட்டடம் முழுதும், பக்கத்திலிருந்த எஸ்பிஜி1-இன் 12 அறைகளில் நான்கும் போயின. மற்ற இரண்டும் எரியவில்லை, ஆனால் நிறுத்தப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லை. பின்னர் தீயணைப்புத் துறை தந்த அறிக்கையைப் படிப்பது நல்ல பாடம்: தானியங்கித் தீயணைப்பு அமைப்பு இல்லை, முழு மின்சாரத்தையும் ஒரே இடத்தில் துண்டிக்கும் வசதி இல்லை, மின்சாரத்தை நிறுத்தவே மூன்று மணி நேரம் போல ஆனது, தளங்களில் மரம் இருந்தது. ஏசி இல்லாமல் வெளிக்காற்றால் சர்வர்களைக் குளிர்விக்க அமைத்த காற்றோட்ட வழிகள் தீக்குப் புகைபோக்கியாக வேலை செய்தன. மின்கட்டணத்தை மிச்சப்படுத்திய அதே வடிவமைப்பு!

நிறுவனத்தை நிறுவிய ஆக்டாவ் கிளாபா அன்றிரவே ட்விட்டரில் வாடிக்கையாளர்களிடம், உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று சொன்னார். திட்டம் வாடிக்கையாளருடையது என்பதே பலருக்கு அப்போதுதான் உறைத்தது. 'ரஸ்ட்' என்ற இணைய விளையாட்டை நடத்தும் ஃபேஸ்பஞ்ச், தன் ஐரோப்பிய சர்வர்களில் 25 அழிந்தன, அவற்றின் தரவு திரும்பாது என்று அறிவித்தது. இன்னும் சிலர் நிலை இதைவிடக் கசப்பானது. அவர்கள் பேக்கப்புக்குத் தனியே காசு கட்டியிருந்தார்கள். அந்தப் பிரதி, மூலம் எரிந்த அதே கட்டடத்தில் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டார். பேக்கப் 'பௌதிக ரீதியாகத் தனியே' வைக்கப்படும் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தது. 2023 ஜனவரியில் லீல் வணிக நீதிமன்றம் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது.

இந்தத் தீர்ப்பைக் கேட்டு மகிழ்வதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இழப்பீடு வந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து. தரவு வரவே இல்லை. 'தனியே' என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தால், அடுத்த ரேக்கா, அடுத்த அறையா, அடுத்த ஊரா என்று எழுத்தில் கேட்டு வாங்காதவரை அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

இனி தானியக்கம். சர்வர் தானாகவே பேக்கப் இடத்துக்குக் கோப்பை அனுப்ப வேண்டுமென்றால், அந்த இடத்தின் பாஸ்வேர்டு சர்வரிலேயே இருக்க வேண்டும். சர்வருக்குள் புகுந்தவருக்கும் அது கிடைக்கும். ரேன்சம்வேர் கும்பல்கள் இப்போது முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான்; அதை முடக்கிவிட்டால்தானே பேரம் படியும். 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தில் சர்வர்களோடு முதல்நிலை, இரண்டாம்நிலை பேக்கப் இரண்டும் பூட்டப்பட்டன. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் எல்லாவற்றையும் இழந்தார்கள். அதே மாதம் இலங்கையில் அரசின் கிளவுட் தாக்கப்பட்டது. ஆன்லைனில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டதால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் போயின. பிரதி தூரத்தில் இருந்தாலும் பயனில்லை, ஒரே சாவியில் இரண்டும் திறக்குமென்றால்.

மறுபக்கத்துக்கு டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று அங்கே ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. தொற்று எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் இ-ஹாஸ்பிட்டல் தரவு முழுதும் மீட்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் அதுவரை சுமார் இரண்டு வாரம் நாட்டின் முதன்மையான மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை கையால் எழுதினார்கள். தரவு பிழைத்தது என்பதும் சேவை பிழைத்தது என்பதும் வேறுவேறு.

சாவிப் பிரச்சினைக்குத் தீர்வு உண்டு, விலையும் அதிகமில்லை. சர்வர் அனுப்புவதற்குப் பதில், வேறு நிறுவனத்திடம் உள்ள இன்னொரு கணினி வந்து எடுத்துக்கொள்ளட்டும். சர்வருக்கு அதன் பாஸ்வேர்டு தெரிய வேண்டாம். அல்லது குறிப்பிட்ட நாள்வரை யாராலும், நம்மாலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் போடலாம். போர்க்பேக்கப் போன்ற இலவசக் கருவிகளில் 'சேர்க்கலாம், அழிக்க முடியாது' என்று அனுமதியைக் குறுக்கவும் வழி இருக்கிறது. இவற்றை அமைக்க ஒரு நாள் வேலை. ஏன் செய்வதில்லை என்றால், இரண்டு மணி ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறதே!

ஓடுகிறதா என்பதும் கேள்விதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்டில் பழைய பாஸ்வேர்டு. மைசீக்வெல் டம்ப் எதையும் தராமல் தோற்கிறது. அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்கும் ஜிஜிப் வெறுமையைச் சுருக்கி, 20 பைட்டில் ஒரு கோப்பைப் படைக்கிறது. வரிசையின் கடைசிக் கட்டளை வெற்றி பெற்றதால் ஸ்கிரிப்டும் வெற்றி என்றே முடிகிறது. தேதி போட்ட கோப்பு தினமும் வந்து விழும். ஏழு நாள் சுழற்சியில் ஒரே வாரத்தில் நல்ல பிரதிகள் எல்லாம் அழிந்து, ஏழு வெறுங்கோப்புகள் மிஞ்சும். கோப்பின் அளவைப் பார்க்க ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இதேபோல், டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்புறையை அப்படியே நகலெடுப்பவர்களும் உண்டு. நகலெடுக்கும் நேரத்தில் பாதி மாறிய கோப்புகள் கிடைக்கும். மீட்கும் நாளில் டேட்டாபேஸ் எழுந்திருக்காமல் போகலாம்.

பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிப்பதாக எண்ணி முதன்மை சர்வரில் அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியபோது கட்டளையை நிறுத்தினார். அப்போது பேக்கப்பைத் தேடினால், தினசரி டம்ப் இல்லை: டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த கருவி 9.2, அதனால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களில் சரியான கையொப்பம் இல்லாததால் அஞ்சல் சர்வர் அவற்றைத் திருப்பிவிட்டிருந்தது. காப்பாற்றியது, அதே பொறியாளர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். நடந்ததை மறைக்காமல் எழுதிய அந்த அறிக்கை, பேக்கப் பற்றிய பல புத்தகங்களைவிட மேல்.

அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து திரும்ப நகலெடுக்க மட்டும் சுமார் 18 மணி நேரம் ஆனது. மீட்கும் நேரத்தை நம்மில் யாரும் கணக்குப் போடுவதில்லை. 2 டெராபைட் பிரதியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க 44 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்கு முன் புதிய சர்வர் கிடைக்க வேண்டும். டெடிகேட்டட் சர்வர் என்பது பொத்தானை அழுத்தியதும் வருவதில்லை, பேரிடர் நாளில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். கிடைத்த சர்வரில் நெட்வொர்க் கார்டின் பெயர் வேறாக இருக்கும், டிஸ்க் அடையாளங்கள் மாறும், ஐபி மாறும். ஃபயர்வால் விதிகள், எஸ்எஸ்எல் சான்றிதழ்கள், கிரான் பட்டியல் ஆகியவை அந்தச் சுருக்கிய கோப்பில் இருந்தனவா என்று அப்போதுதான் பார்ப்போம். பிரதியை என்கிரிப்ட் செய்திருந்தால் அதன் சாவி எங்கே? பெரும்பாலும் எரிந்த சர்வரின் ரூட் கோப்புறையில்.

எல்லோருக்கும் இரண்டு ஊர்களில் இரண்டு சர்வர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தின் இணையதளம் மூன்று நாள் இல்லாவிட்டால் குடி முழுகாது; நேற்றிரவுப் பிரதி வேறொரு நிறுவனத்திடம் இருந்தால் அதற்குப் போதும். ஆர்டரும் பணமும் ஓடும் கடைக்கு அது போதாது. இரவு ஒன்றரை மணிக்கு சர்வர் போனால் முந்தைய நாளின் வியாபாரம் முழுதும் போகும். அங்கே டேட்டாபேஸின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் பைனரி லாகை நிமிடக் கணக்கில் வெளியே அனுப்பத்தான் வேண்டும். மூன்று பிரதி, இரண்டு ஊடகம், ஒன்று வெளியே என்று புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதியையும் இன்று அப்படியே ஏற்க முடியாது. பிரதிகளை எண்ணுவதோடு, எத்தனை சாவிகள், எத்தனை கைகள் என்றும் எண்ண வேண்டியிருக்கிறது.

இரண்டு மணி ஸ்கிரிப்டை நிறுத்த வேண்டாம். அதன் பிரதியில் ஒன்றை, சர்வர் தொட முடியாத வேறு நிறுவனத்துக்கு நகர்த்துங்கள். பிறகு இந்த மாதம் ஒரு நாள் சின்ன சர்வர் ஒன்றை மணிக்கணக்கு வாடகையில் எடுத்து, ஸ்கிரிப்டை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, அந்தப் பிரதியிலிருந்து மட்டும் தளத்தை எழுப்பச் சொல்லுங்கள். அவர் எத்தனை மணிக்கு முடித்தார், எதைக் கேட்டு உங்களுக்குப் போன் செய்தார் என்பதைக் குறித்து, அந்தத் தாளைச் சர்வருக்கு வெளியே வையுங்கள்.