குற்றவியல் பட்டப்படிப்பு: காவல் பதிவேட்டுக்கு உள்ளும் வெளியும்

எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதைச் சட்டப் படிப்பு கற்பிக்கிறது. அந்தச் செயல் ஏன் குற்றமாக்கப்பட்டது, செய்தவர் அந்த நிலைக்கு எப்படி வந்தார், தண்டனைக்குப் பிறகு அவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் என்ன ஆகிறது என்று கேட்பது குற்றவியல். காவல் நிலையமும் நீதிமன்றமும் சிறையும் எப்படி இயங்குகின்றன என்று ஆராய்வது குற்றநீதியியல். பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் ஒரே பட்டத்துக்குள் வைத்திருக்கின்றன. படிப்பின் பலமும் தீராத சிக்கலும் இந்தச் சேர்க்கையில்தான் இருக்கின்றன. ஒரு பாதி அரசைக் கேள்வி கேட்கிறது. மறுபாதி அரசுப் பணிக்கு ஆள் தயாரிக்கிறது.

இந்த இழுபறி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் பெர்க்லி சாட்சி. அந்நகரின் காவல்துறைத் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மரின் முயற்சியில் வேரூன்றிய கல்வி, 1950இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தனிக் குற்றவியல் பள்ளியாயிற்று. பின்னாளில் அங்கேயே ஆசிரியர் சிலரும் மாணவரும் காவல்துறையைக் கடுமையாக விமர்சிக்கத் தொடங்கினர். 1976இல் பள்ளி மூடப்பட்டது.

தமிழருக்கு இந்தத் துறையின் இருண்ட பக்கம் அனுபவத்தில் தெரிந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு சமூகத்தை முத்திரை குத்தலாம் என்ற எண்ணம், 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டமாக இந்தியாவில் நின்றது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் என்ற ஊரின் கள்ளர் சமூகத்தவர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. குற்றவியல் கற்கும் தமிழ் மாணவர் லொம்பிரோசோவின் பிறவிக் குற்றவாளிக் கோட்பாட்டைப் படிக்கும்போது பெருங்காமநல்லூரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்போதுதான் கோட்பாடு காகிதத்தோடு நிற்பதில்லை என்பது உறைக்கும்.

விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டில் வளர்ந்த குற்றவியல் வேறு முகம் கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துறையில் கே. சொக்கலிங்கம் போன்றோர் பாதிக்கப்பட்டோரைப் பற்றிய ஆய்வை முன்னெடுத்தனர். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஜெய்சங்கர் 2007இல் இணையக் குற்றவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். மலேசியாவிலும் இந்தக் கல்விக்கு இடமுண்டு. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப்புலம் குற்றநீதியில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் தடயவியல் கற்பிக்கின்றன. மலேசியக் குற்றவியல் சட்டத்தொகுப்பின் மூலம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் என்பதால், இரு நாட்டு மாணவரும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சட்டத்தைத்தான் படித்து வந்தார்கள்.

இந்தப் படிப்பின் முதன்மையான பலம், எண்ணிக்கையை அப்படியே நம்பாமல் இருக்கக் கற்றுத்தருவது. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகள் என்று அறிவித்தது. ஏறத்தாழ 40,000 உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் கூறப்பட்டது. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்ணைக் கேட்டதும் ஒருவர் வெட்கப்படலாம், மற்றொருவர் கோபப்படலாம். பயிற்சி பெற்ற மாணவர் வேறு கேள்விகளை எழுப்புவார். உறுப்பினர் என்று யாரை, எந்த அடையாளத்தை வைத்துப் பதிந்தார்கள்? எந்த வட்டாரங்களில் சோதனை அதிகம் நடந்தது? பதிவில் ஏறிய பெயர் எப்போதாவது நீங்குகிறதா? அதே மாணவர் எதிர்ப்பக்கக் கேள்வியையும் தவிர்க்க முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளை இழந்த குடும்பங்கள் நகரோரப் புறம்போக்குகளுக்கும் மலிவு அடுக்ககங்களுக்கும் நகர்ந்தபோது, பள்ளியை விட்டு நின்ற பையன்களுக்குக் கும்பல் எதைக் கொடுத்தது? முத்திரையை மறுப்பதோடு நின்றுவிட்டால் அது ஆய்வாகாது. அந்தப் பையன்களின் வாழ்க்கை உண்மையிலேயே சிதைந்திருக்கிறது.

கேமரன் மலையின் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கும் கோலா தெர்லா இந்தக் கல்விக்கு நல்ல களம். அண்டையில் தேயிலைத் தோட்டங்கள்; சரிவுகளில் பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் காய்கறி. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பகாங் மாநில அரசு இங்கே அனுமதியற்றவை என்று கூறிய காய்கறித் தோட்டங்களை இடித்து அகற்றியது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் இந்திய விவசாயிகள். பல்லாண்டுகளாகப் பயிரிட்டு வருகிறோம் என்றார்கள் அவர்கள். ஆற்று நீர் மாசுபடுகிறது என்றது அரசு.

சட்டப்படி பார்த்தால் விடை சுருக்கமானது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 425ஆம் பிரிவு, அனுமதியின்றி அரசு நிலத்தில் இருப்பதைக் குற்றம் என்கிறது. குற்றவியல் அதற்கு மேலும் போக வேண்டும். அரசு நிலத்தில் பயிரிட வழங்கப்படும் தற்காலிக உரிமம் டிசம்பர் 31க்கு மேல் செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தே ஆக வேண்டும் என்று கோர உரிமமுள்ளவருக்குச் சட்ட உரிமை இல்லை. அதே மண், அதே முட்டைக்கோஸ், அதே கை. உரிமம் இருக்கும்வரை விவசாயி, புதுப்பிக்கப்படாவிட்டால் ஆக்கிரமிப்பாளர். ஒரு நிர்வாக முடிவு மனிதரை எப்படிக் குற்றவாளியாக்கும் என்பதை எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகக் காட்டாது.

ஆனால் விவசாயியின் பக்கம் மட்டும் நின்றாலும் ஆய்வு பொய்யாகிவிடும். மலைச்சரிவைச் சுரண்டினால் மண் ஆற்றில் இறங்குகிறது. ரிங்லெட் நீர்த்தேக்கம் வண்டலால் நிறைந்து வந்த நிலையில், 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தது. பூச்சிமருந்து கலந்த ஓடை, கீழே வாழும் ஓராங் அஸ்லி மக்களின் ஓடையும்தான். 1990களில் வளர்ந்த பசுமைக் குற்றவியல் என்ற கிளை, சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்றும் அளக்கச் சொல்கிறது. சரிவை வெட்ட அனுமதி தந்தவர், கண்டும் காணாமல் விட்டவர், வெட்டியவர், அங்கே கூலி வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளி ஆகிய நால்வரில் யார் கைதாகிறார், யார் பெயர்கூட வெளியே வருவதில்லை என்று அது பார்க்கும். இப்படிப் பார்க்கப் பழகிய பட்டதாரிகள் நில அலுவலகத்திலும் சுற்றுச்சூழல் துறையிலும் இருப்பது ஊருக்கு நல்லது.

குறைகளில் பெரியது தரவைப் பற்றியது. பதிவான குற்றம் காவல்துறையின் கையில், கைதிகளின் விவரம் சிறைத்துறையின் கையில். மலேசியாவில் 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டமும் இருக்கிறது. எதைக் கேள்விக்குள்ளாக்க வேண்டுமோ, அதே நிறுவனத்திடம் அனுமதிக்காக நிற்க வேண்டிய ஆய்வாளர் நாளடைவில் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறார். அடுத்தது பாடநூல். சிகாகோ நகரத் தெருக்களை வைத்து எழுந்த கோட்பாடுகளைத் தேர்வில் ஒப்பிக்கும் மாணவர், தோட்டப்புறத்தைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். வேலைவாய்ப்பு வாக்குறுதியும் மிகைதான். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துத் தடயவியல் ஆசையோடு சேர்பவர்களுக்கு, ஆய்வுக்கூடப் பணிக்கு வேதியியல் அல்லது உயிரியல் அடித்தளம் வேண்டும் என்பது தாமதமாகவே தெரிகிறது. காவல்துறையில் சேர இந்தப் பட்டம் கட்டாயமில்லை. சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூகநலம், வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு ஆகியவைதான் நடைமுறையில் உள்ள வாசல்கள்.

இத்தனைக்கும் நடுவே, பல்கலைக்கழகம் காவல் நிலையத்திலிருந்து விலகி நிற்பதன் அருமையை ஒரு வழக்கு காட்டியது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்த ஏ. குகன் இறந்தபோது, முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் சேர்ந்ததைக் காரணமாகச் சொன்னது. குடும்பத்தின் கோரிக்கையால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடியால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது என்றது. 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. காவல் மரணம் ஒவ்வொன்றுக்கும் விசாரணை நடத்த வேண்டும் என்று மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு கூறுகிறது. அந்த மரண விசாரணைகள் பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில் நடக்கின்றன. அமைச்சின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு மாணவர் போய் உட்கார்ந்து, கேட்டு, குறிப்பெடுக்கக்கூடிய இடம் அது. குற்றவியல் துறைகள் தங்கள் களப்பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.