நாவலரின் சைவ வினாவிடை

சமயத்தின் தோற்றமும் கொள்கையும் யாவை என வினவும் மாணவன் கையிலே ஈழநாட்டுச் சைவர் நெடுங்காலம் கொடுத்து வந்த நூல், ஆறுமுக நாவலர் (1822–1879) இயற்றிய சைவ வினாவிடை. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற நாவலர், பாதிரிமார் கையாண்ட வினாவிடை முறையையே சைவத்தைக் காத்தற்கும் கைக்கொண்டார். முறை அயலாரது, பொருள் முற்றும் ஆகமத்தது.

வரலாறு தேடுவோர்க்கு இந்நூல் உதவாது. சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் திரித்து வழங்கியதால் வந்த ‘இந்து’ என்னும் சொல் நாவலர்க்கு வேண்டற்பாலதன்று. வேதமும் சிவாகமமும் இறைவன் அருளியவை என்பதே அவர் துணிபு. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளையோ சிறுவர்க்கும் விளங்குமாறு, ஐயத்திற்கு இடமின்றி வகுத்துரைக்கின்றார்.

அவ்விடமின்மையே குறையுமாம். 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என விரித்து, உலகிற்குக் கருத்தா உளன் என்பதையும் வாதித்தே நிறுவினார். வினாவிடையிலோ விடை உண்டு. ஏது பெரும்பாலும் இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல சமயத்தாரோடு கலந்து வாழும் சைவப் பிள்ளையை அயல்வீட்டான் ‘ஏன்?’ என்று வினவினால், மனனஞ் செய்த விடை அவ்வளவில் நின்றுவிடும். ஆதலின், வினாவிடையை முடித்த மாணவனுக்கு அடுத்துக் கொடுத்தற்குரியது சிவஞான முனிவரின் சிற்றுரையே.