முட்டிக்கு முன்னால் ஒரு சாண்: பிரீமியம் எகானமியில் 13 மணி நேரம்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 10,900 கிலோமீட்டர். விமானம் கிளம்பி ஏழாவது மணி நேரம். விளக்கணைத்த கேபினில் அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்கு முன் லண்டனுக்குப் போனபோது, இதே ஏழாவது மணி நேரத்தில், கழிவறைப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றபடி முட்டியை நீவிக்கொண்டிருந்தார். அவருக்கு 67 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம்.

தங்கையின் பிரசவத்துக்காகப் போய்வந்த பயணம் இது. போகும்போது எகானமி, திரும்பும்போது பிரீமியம் எகானமி. விமான நிறுவனம் ஒன்றுதான். விமானமும் ஒரே ரகம், போயிங் 777-300ஈஆர். போனதும் இரவு, வந்ததும் இரவு. மாறியது இருக்கை மட்டும். ஒரு வகுப்பை எடைபோட இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமையாது என்று, கைப்பையில் இஞ்ச் டேப் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

எது பிரீமியம் எகானமி?

1992-ல் தைவானின் ஈவா ஏர், பிரிட்டனின் விர்ஜின் அட்லாண்டிக் ஆகியவை இந்த நடு வகுப்பைத் தொடங்கின. பிறகு பிசினஸ் கிளாஸ் இருக்கைகள் முழுப் படுக்கைகளாக மாற, அதற்கும் எகானமிக்கும் நடுவே விலையில் பெரும் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில்தான் மற்ற நிறுவனங்களும் இடம் கண்டன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-ல் வந்தது. லுஃப்தான்சா 2014-ல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2015-ல், எமிரேட்ஸ் 2020-ன் இறுதியில். ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தில் இந்த வகுப்புக்கு 24 இருக்கைகள் உண்டு.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'எக்ஸ்ட்ரா லெக்ரூம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் எகானமி இருக்கையேதான். முன்னால் சில அங்குலம் கூடுதல், அவ்வளவே. பிரீமியம் எகானமி என்றால் இருக்கையே வேறு, கேபினும் தனி.

டேப் சொன்ன கணக்கு

இருக்கை வரிசைகளின் இடைவெளியை 'பிட்ச்' என்பார்கள். எகானமியில் 32 அங்குலம் இருந்தது, இங்கே 38. ஆறு அங்குலம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஆனால் அந்த ஆறும் முட்டிக்கு முன்னால்தான் வந்து சேர்கிறது. எகானமியில் அம்மாவின் முட்டிக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. இங்கே அவர் கையால் ஏறக்குறைய ஒரு சாண். தேய்ந்த முட்டிக்கு, காலை ஒரே கோணத்தில் மடக்கி வைத்திருப்பதுதான் வேதனை. ஒரு சாண் இடம் இருந்தால் அரை மணிக்கொரு தரம் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம். அம்மா அதைத்தான் செய்தார்.

கைப்பிடிக்குக் கைப்பிடி அகலம் 19 அங்குலம். எகானமியைவிட ஒன்றரை அங்குலம் அதிகம். வரிசைக்கு எட்டுப் பேர், 2-4-2 அமைப்பு. ஜன்னலோரம் இரண்டே இருக்கை என்பதால் எங்களுக்கு நடுவில் மூன்றாமவர் இல்லை. எழுந்திருக்க வேண்டுமென்றால் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அம்மாவைப் போல அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

சாய்வு எட்டு அங்குலம். கெண்டைக்காலைத் தாங்கும் பலகை ஒன்றும் கீழே பாதத்தாங்கி ஒன்றும் உண்டு. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் சாய்வு நாற்காலியில் மதியத் தூக்கம் போடுவது போன்ற நிலை. படுக்கை கிடையாது, உடம்பின் எடை இடுப்பில்தான் இறங்குகிறது. நான் இரண்டு தவணையாக நான்கரை மணி நேரம் தூங்கினேன். எகானமியில் எனக்குக் கிடைத்தது இரண்டரை. அம்மா ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் தூங்கினார்.

வடிவமைப்பில் தவறிய இடங்கள்

கால் பலகை பொத்தானை அழுத்தியதும் மேலே வந்துவிடுகிறது. அதைக் கீழே இறக்க, பொத்தானைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலால் பலமாக அழுத்த வேண்டும். அம்மாவால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நான் குனிந்து இறக்கிவிட்டேன். முட்டிவலிக்காரருக்கு மிகவும் தேவையான ஒரு வசதி, முட்டியில் பலம் இருப்பவருக்கே வேலை செய்வது பெரிய குறை.

முன்னால் இருப்பவரும் அதே எட்டு அங்குலம் சாய்வார். அப்போது ஜன்னலோர இருக்கையிலிருந்து வெளியே வர உடம்பை வளைத்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே பெரியவர்களை நடைபாதை ஓரத்தில் உட்கார வையுங்கள்.

சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது. எகானமியில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் கைப்பிடியைத் தூக்கிவிட்டுக் காலை நீட்டிப் படுக்கலாம். இங்கே அந்த அதிர்ஷ்டத்துக்கு வழியில்லை.

முதல் வரிசையைத் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. அங்கே முன்னால் யாரும் சாய மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் எதிரே சுவர். உயரமானவர்கள் காலை முழுக்க நீட்ட முடியாது. புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பை மேலே போயாக வேண்டும்.

பணம் மாற்றாதவை

கேபினின் காற்று எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். பறக்கும்போது கேபின் அழுத்தம் 8,000 அடி, அதாவது 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகராக இறங்கலாம் என்பது வழக்கமான வரம்பு. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். ஊட்டிக்குச் சமமான உயரத்தில், ஊட்டியின் ஈரம் துளியும் இல்லாமல், இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. இதைக் கொஞ்சம் மாற்றுவது இருக்கை அல்ல, விமானம். ஏ350, போயிங் 787 இரண்டிலும் கேபின் அழுத்தம் 6,000 அடிக்கு நிகராக வைக்கப்படுகிறது. தேதியில் நெகிழ்வு இருந்தால் விமான ரகத்தையும் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

சாப்பாடு பீங்கான் பாத்திரத்தில் வந்தது, அளவும் தாராளம். சுவையில் பெரிய முன்னேற்றம் இல்லை. வறண்ட காற்றும் குறைந்த அழுத்தமும் இரைச்சலும் உப்பையும் இனிப்பையும் மங்கவைக்கின்றன. அதற்குச் சமையற்காரரைக் குறை சொல்ல முடியாது. அம்மா கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய்தான் பனீரையும் சோற்றையும் கரையேற்றியது. சைவ உணவை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அது நிச்சயம் கிடைக்கும். ஆனால் மெனுவிலிருந்து தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு போய்விடும்.

திரை பெரியது, படங்களின் பட்டியல் எகானமியில் பார்த்த அதே பட்டியல். சக்கர நாற்காலி உதவியும் எந்த வகுப்புக்கும் இலவசம்தான். முன்பதிவின்போது சொன்னால் போதும். அதற்காக யாரும் வகுப்பை உயர்த்த வேண்டாம்.

இன்னொன்றும் மாறாது. காலில் ரத்தம் உறையும் ஆபத்தைப் பேச்சுவழக்கில் 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணித்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவு. காரணம் அசையாமல் இருப்பது. ரயிலோ காரோ, எதில் உட்கார்ந்தாலும் அதே கதைதான். எகானமியில் வலியே அம்மாவை அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தது. இங்கே சுகமாக இருந்ததால் அவர் எழுந்திருக்கவே இல்லை. நான்காவது மணி நேரத்தில் நான்தான் எழுப்பி, கேபினில் இரண்டு சுற்று நடக்க வைத்தேன். நல்ல இருக்கை வாங்கியவர்கள் அலாரத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக் கணக்கு

திரும்பும் வழிக்கு மட்டும் ஆளுக்கு 650 சிங்கப்பூர் வெள்ளி கூடுதல். 13 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 50 வெள்ளி. இத்துடன் கூடுதல் பெட்டி எடையும் வரிசையில் முன்னுரிமையும் கிடைத்தன. எங்களுக்கு இரண்டுமே அவ்வளவாகப் பயன்படவில்லை.

டிக்கெட்டின் வரி விவரத்தைப் படித்தபோதுதான் ஒரு தப்பு தெரிந்தது. பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிகளுக்கு அந்நாடு 'ஏர் பாசஞ்சர் டியூட்டி' விதிக்கிறது. 5,500 மைலுக்கு மேற்பட்ட தூரத்துக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில், எகானமிக்கு 94 பவுண்டு. அதற்கு மேற்பட்ட வகுப்புக்கு 224 பவுண்டு. பிரீமியம் எகானமியும் பிசினஸும் இந்த வரிக்கு ஒன்றுதான். ஆக, நாங்கள் கூடுதலாகக் கொடுத்ததில் 130 பவுண்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இருக்கைக்குப் போகவே இல்லை. லண்டனுக்குப் போகும் வழியில் பிரீமியம் எடுத்து, வரும் வழியில் எகானமி எடுத்திருந்தால் அந்த வரி மிச்சம்.

ப்ளஸ்: முட்டிக்கு இடம், ஜன்னலோரம் இருவர் மட்டும், ஆழமான சாய்வு, சிறிய கேபினின் அமைதி.

மைனஸ்: இறக்கக் கடினமான கால் பலகை, தூக்க முடியாத கைப்பிடி, முன்னிருக்கைச் சாய்வு, பிரிட்டனிலிருந்து கிளம்பினால் இரட்டிப்புக்கும் மேலான வரி.

யாருக்கு?

முட்டி, இடுப்பு, முதுகுவலி உள்ளவர்களுக்கும் ஆறடியைத் தொடும் உயரத்தவருக்கும், பத்து மணி நேரத்தைத் தாண்டும் இரவுப் பயணத்தில், தயங்காமல் சொல்வேன். வலியில்லாத இளம் உடம்புக்கு எகானமியின் நடைபாதை ஓர இருக்கை போதும். நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம் என்று நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். இந்த வகுப்பு தருவது தூக்கத்தை அல்ல, வலி இல்லாமையை. வலி போனால் தூக்கம் வர ஒரு வாய்ப்பு உண்டு.

திரும்பி வந்த மறுநாள் காலை அம்மா தேக்கா சந்தைக்குப் போய், கீரையும் முருங்கைக்காயும் வாங்கி வந்துவிட்டார். லண்டனில் இறங்கியபோது அப்படி இல்லை. முட்டி வீங்கி, முதல் இரண்டு நாள் அவரால் காலை மடக்கி உட்காரவே முடியவில்லை. பிறந்து ஆறே நாளான பேத்தியைத் தங்கை நீட்ட, "மடி கொள்ளலம்மா, நீயே வச்சுக்க" என்றார். வரிக் கணக்கு சொன்னதும் அதையேதான்: நல்ல இருக்கையைப் போகும் வழிக்கு எடுத்திருக்க வேண்டும். பேத்திக்குக் காது குத்தும் நாள் குறித்தாகிவிட்டது. இந்த முறை சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அம்மாவுக்குப் பிரீமியம், நடைபாதை ஓரம். பக்கத்தில் நான், கால் பலகையை இறக்கிவிட.