விம்: விரல்நுனித் திருத்தம்

விம் எடிட்டரில் எழுதுவதைவிடத் திருத்துவதுதான் சுகம். ஆய்வுக் கட்டுரைக்காரர்களுக்கு நேரம் போவதும் திருத்தத்தில்தானே. கட்டளை நிலையில் 'டி' (d), 'ஏ' (a), 'எஸ்' (s) என்று மூன்று விசைகளைத் தட்டினால், கர்சர் நிற்கும் வாக்கியம் முழுதாக அழியும். கடைசி விசையைப் பாராவுக்கான 'பி' (p) ஆக்கினால் பத்தியே போகும். கர்சரை நகர்த்தி 'பி'யைத் தட்டினால், அந்தப் பத்தி அங்கே வந்து உட்காரும். மவுஸைத் தேடிக் கை போகவே வேண்டாம். அடைப்புக்குறிகள் நிறைந்த லேடெக்ஸ் (LaTeX) கோப்பில் இதன் அருமை இன்னும் தெரியும்: அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் மாற்றவும் தனிக் கட்டளை உண்டு.

பில் ஜாய் 1976-ல் எழுதிய 'விஐ' (vi) எடிட்டரின் வாரிசு விம். 1991-ல் வெளியிட்டவர் நெதர்லாந்தின் பிராம் மூலெனார். மென்பொருள் இலவசம், பிடித்திருந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பெரிய மனசு. 2023-ல் மறைந்தார்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கணினியின் தமிழ் விசைப்பலகை இயங்கும்போது கட்டளை விசைகளும் தமிழெழுத்தாகிவிடும். விம்முக்குள்ளேயே 'கீமேப்' என்ற விசை அமைப்பை வைத்துக்கொண்டால், எழுத்தை உள்ளிடும் தட்டச்சு நிலையில் மட்டும் தமிழ் வரும், கட்டளைகள் பழையபடி வேலை செய்யும்.

விம்மோடு 'விம்டியூட்டர்' என்ற பயிற்சியும் சேர்ந்தே வருகிறது. அரை மணி நேரப் பாடம்தான். இன்றைக்கே உட்கார்ந்து பாருங்கள்.